கொத்தமல்லி முளைக்கவில்லை, முளைத்தாலும் நிற்கவில்லை: எங்கே தவறுகிறது?

வெந்தயத்தை அள்ளித் தூவினால் மூன்றாம் நாள் முளைத்துவிடுகிறது. அந்தத் தெம்பில் சமையலறை டப்பாவில் இருக்கும் தனியாவையும் ஒரு கைப்பிடி தூவிவிட்டு, ஒரு வாரம் கழித்து வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நிறையப் பேர். நானும் நின்றிருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். அங்கே கரிசலில் ஐப்பசி மழைக்கு மல்லி விதைத்தால் தை, மாசியில் அறுப்பார்கள். இடையில் யாரும் பூவாளி பிடிப்பதில்லை. அதைப் பார்த்து வளர்ந்துவிட்டு, சென்னைப் புறநகரில் மொட்டை மாடியில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பி வளர்க்க ஆரம்பித்தபோது, முதல் இரண்டு வருடம் ஒரு ரசத்துக்குக் கூடத் தழை தேறவில்லை. எனவே இது முழு வளர்ப்பு முறை இல்லை. உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ, அந்த இடத்திலிருந்து படியுங்கள்.

அதற்கு முன் ஒரு கணக்கு மட்டும். உடைத்து ஊறவைத்த விதை 7 முதல் 10 நாளில் தலைகாட்டும். முழு விதை என்றால் 15 நாள்கூட ஆகும். முதலில் வரும் இரண்டு இலைகள் மல்லி இலை மாதிரியே இருக்காது. ஒடுக்கமாக, நீளமாக, புல் போல இருக்கும். இதைக் களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டவர்களை எனக்குத் தெரியும். மூன்றாவதாக வரும் இலைதான் வட்டமாக, ஓரம் வெட்டுப்பட்டு, நமக்குத் தெரிந்த முகத்தோடு வரும். 35 முதல் 45 நாளில் தழை கிள்ளலாம். இந்தக் கணக்குக்குள் இருந்தால் உங்கள் செடியில் ஒரு கோளாறும் இல்லை, காத்திருங்கள்.

அறிகுறி 1: பத்து நாள் தாண்டியும் ஒன்றும் வரவில்லை

இன்னொரு முறை விதைக்கும் முன் ஒரு ஸ்பூனால் இரண்டு மூன்று இடத்தில் மண்ணைக் கிளறி, விதையைக் கையில் எடுத்துப் பாருங்கள். என்ன ஆயிற்று என்று விதையே சொல்லிவிடும்.

வெள்ளை வேர் எட்டிப் பார்த்தால் சரி, மூடிவிட்டு நான்கு நாள் பொறுங்கள்.

விதை போட்ட அன்று இருந்தது போலவே கல் மாதிரி இருந்தால், அதற்குள் ஈரம் போகவில்லை. நாம் மல்லி விதை என்று சொல்வது உண்மையில் காய்ந்த காய். ஓட்டுக்குள் இரண்டு விதைகள் ஒன்றையொன்று அணைத்தபடி இருக்கும். மேல்மண் காலையில் நனைந்து மதியம் காய்ந்து போனால் ஓடு ஊறுவதற்குள் ஈரம் போய்விடும். அதனால்தான் உடைத்துப் போடச் சொல்கிறார்கள். எங்கள் ஆச்சி சாக்கில் பரப்பி, செருப்புக் காலால் லேசாகத் தேய்ப்பார். மாடித்தோட்டத்துக்கு அவ்வளவு வேண்டாம். துணியில் பரப்பி, சப்பாத்திக் கட்டையை எடை கொடுக்காமல் ஒருமுறை உருட்டினால் போதும். காய் இரண்டு அரைக்கோளமாகப் பிரிய வேண்டும், அவ்வளவுதான். ரசப்பொடிக்கு உடைப்பது போல நொறுக்கினால் முளை போய்விடும். மிக்ஸி பக்கமே போகாதீர்கள். உடைத்ததை ஓர் இரவு, சுமார் 12 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, வடிகட்டி, நிழலில் ஈரம் உலர்த்தி விதைக்கலாம். இரண்டு நாள் ஊறவைத்தால் இன்னும் வேகமாக முளைக்கும் என்று நினைக்க வேண்டாம்; மூச்சு முட்டி அழுகும்.

விதை உப்பி, நசுக்கினால் கொழகொழவென்று, நாற்றம் அடித்தால் தண்ணீர் அதிகம். தொட்டியின் அடித்துளை அடைந்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள். வெறும் செம்மண்ணை நிரப்பியிருந்தால் அது இறுகிப் போயிருக்கும். செம்மண், மண்புழு உரம், கோகோபீட் மூன்றையும் சம பங்கு கலப்பது எனக்குச் சரிப்படுகிறது. கோகோபீட் கட்டியை ஊறவைத்த முதல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, இரண்டு மூன்று முறை அலசுங்கள். தென்னைநாரில் உப்பு இருக்கும்; அலசாமல் போட்டால் முளைக்கும் விதைக்கு முதல் வாயிலேயே உப்புத் தண்ணீர்.

விதையே இல்லையா? எறும்பு, புறா, அல்லது உங்கள் பூவாளி. எறும்பு இழுத்துப் போன இடத்தில் சின்னச் சின்னத் துளை தெரியும். தொட்டியைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, செங்கலைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. தட்டுத் தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள், இல்லையென்றால் கொசு வளர்த்த புண்ணியம் சேரும். புறாவுக்கு வலைதான், வேறு மருந்தில்லை. பூவாளி விஷயம் எளிது: குழாயைத் திறந்து நேராகப் பாய்ச்சினால் விதை ஓரத்துக்கு ஒதுங்கிவிடும். பத்து நாள் கழித்துத் தொட்டியின் ஒரு விளிம்பில் மட்டும் கும்பலாக முளைத்தால் காரணம் இதுதான்.

ஆழமும் பாருங்கள். விதைக்கு மேல் ஒரு சென்டிமீட்டர் மண் போதும். இரண்டு அங்குலத்துக்குக் கீழே புதைந்தது வெளியே வராது.

எல்லாம் சரியாக இருந்தும் கல் போலவே கிடக்கிறதென்றால் விதை செத்த விதை. பலசரக்குக் கடைத் தனியா முளைக்காது என்பது பொய். புதிதாக இருந்தால் நன்றாகவே முளைக்கும். ஆனால் அது எத்தனை வருடம் கிடங்கில் கிடந்தது என்று பொட்டலத்தைப் பார்த்து நமக்குத் தெரியாது. அரைக்கக் கொடுப்பதற்காக நாலு நாள் மொட்டை வெயிலில் காயவைத்ததையோ, வாணலியில் லேசாகப் புரட்டியதையோ விதைக்கவே வேண்டாம். சந்தேகமாக இருந்தால் 20 விதையை ஈரத்துணியில் சுற்றி ஒரு டப்பாவில் வைத்து, 12 நாளில் எண்ணிப் பாருங்கள். 12க்கு மேல் முளைத்தால் நல்ல விதை. ஆறிலிருந்து பன்னிரண்டு என்றால் இரண்டு மடங்கு தூவுங்கள். அதற்கும் கீழே என்றால் குழம்புப் பொடிக்குப் போகட்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. விதைக் கடையில் வாங்கும் பாக்கெட்டில் விதை இளஞ்சிவப்பாகவோ வேறு சாயத்திலோ இருந்தால் அதில் பூஞ்சை மருந்து கலந்திருக்கிறார்கள் என்று பொருள். அதைச் சப்பாத்திக் கட்டையால் உருட்டக் கூடாது, மீந்ததைச் சமையலுக்கும் எடுக்கக் கூடாது. நான் அப்படிச் சாயமடித்த பாக்கெட் ஒன்றை ஆவலாக வாங்கி, ஒரு விதைகூட முளைக்காமல், பின்னால் திருப்பிப் பார்த்தால் தேதி போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. இப்போதெல்லாம் விலையைப் பார்க்கும் முன் தேதியைப் பார்க்கிறேன்.

அறிகுறி 2: முளைத்தது, நூல் போல நீண்டு சாய்கிறது

சாய்ந்த நாற்றின் அடித்தண்டைப் பாருங்கள். தண்டு வெளிர்ப் பச்சையாக, நலமாக, ஆனால் நீளமாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை. சமையலறை ஜன்னலில் வைத்த தொட்டிக்கு இது எப்போதும் நடக்கும். காலை வெயில் நான்கு மணி நேரமாவது படும் இடத்துக்கு மாற்றுங்கள். நீண்டது குட்டையாகாது, ஆனால் அடியில் கொஞ்சம் மண் அணைத்தால் நிமிர்ந்துகொள்ளும்.

மண்ணை ஒட்டிய இடத்தில் தண்டு பழுப்பாக, நனைந்த நூல் போல இளைத்திருந்தால் அது நாற்றழுகல். ராத்திரி சரியாக இருந்த நாற்று காலையில் படுத்திருக்கும். பூஞ்சை வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. சுற்றியிருக்கும் மண்ணோடு கரண்டியில் அள்ளி வெளியே போடுங்கள். மற்றவற்றுக்கு இரண்டு நாள் தண்ணீரை நிறுத்துங்கள். நெருக்கமாக இருந்தால் கத்தரிக்கோலால் சிலவற்றை அடியில் நறுக்கிக் காற்று புக விடுங்கள்; பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். அடுத்த முறை விதைக்கும்போது டிரைக்கோடெர்மா விரிடி என்ற, கெட்ட பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சைப் பொடியை ஒரு சிட்டிகை விதையில் புரட்டி, இன்னும் கொஞ்சம் மண்புழு உரத்தில் கலந்து போடுங்கள். சாயந்திரம் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இருந்தால் காலைக்கு மாற்றுங்கள். கார்த்திகை மழையில் திறந்த மாடியில் நாற்று விடுவது சூதாட்டம். அந்த மாதம் மட்டும் என் தொட்டிகள் படிக்கட்டுக் கூரைக்கு அடியில்தான்.

அறிகுறி 3: இலை மஞ்சளாகிறது

எந்த இலை என்பதுதான் கேள்வி.

கீழ் இலைகள் மட்டும், நடுவிலிருந்து ஓரம் வரை ஒரே சீராக மஞ்சளாகி, செடியும் வளராமல் நின்றால் தழைச்சத்துக் குறைவு. ஒரு கைப்பிடி மண்புழு உரத்தை மேலே தூவிக் கிளறிவிடுங்கள், அல்லது பஞ்சகவ்யா லிட்டருக்கு 30 மில்லி கலந்து ஊற்றுங்கள். ஒரு வாரத்தில் புது இலையில் பச்சை தெரியும். பழைய மஞ்சள் இலை திரும்பாது, கிள்ளிப் போடலாம்.

மேலே வரும் புது இலைகளில் நரம்பு பச்சையாக, இடையில் வெளுத்திருந்தால் இரும்புச்சத்து வேருக்குக் கிடைக்கவில்லை. மண்ணில் இல்லாமல் இல்லை. கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர் தொடர்ந்து போனால் அது கரையாமல் பூட்டிக்கொள்ளும். இலை நுனி பழுப்பாகக் காய்ந்து, தொட்டியின் ஓரத்தில் வெள்ளைப் படிவம் தெரிந்தால் உப்பு. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குப் பிரச்சினை இந்த இரண்டில் ஒன்றுதான், ஆனால் உரக் கடைக்குத்தான் ஓடுகிறார்கள். உரத்திலும் உப்புதான் இருக்கிறது. மேலும் போட்டால் மேலும் காயும். மழைத் தண்ணீரைப் பிடித்துவைத்து, தொட்டியின் அடியிலிருந்து நன்றாக வடியும் அளவுக்கு ஒருமுறை ஊற்றிக் கழுவுங்கள். அப்புறம், தண்ணீர் வீணாகக் கூடாது என்று ஆர்.ஓ. இயந்திரம் வெளித்தள்ளும் நீரைச் செடிக்கு ஊற்றும் நல்லெண்ணம் பல வீடுகளில் இருக்கிறது. வடிகட்டிய உப்பெல்லாம் அந்த நீரில்தான் இருக்கிறது. வாசல் கழுவுங்கள், மல்லிக்கு வேண்டாம்.

மண் ஈரமாக இருக்கும்போதே செடி முழுக்க வெளுத்து வாடினால் வேர் அழுகியிருக்கிறது. ஒன்றைப் பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக இல்லாமல் பழுப்பாக, தோல் உரிந்து வந்தால் அந்தத் தொட்டியை விட்டுவிடுங்கள். அதே மண்ணில் உடனே மறுபடி மல்லி போட வேண்டாம்.

அறிகுறி 4: தழைக்கும் முன்பே பூக்குச்சி ஓடுகிறது

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருக்கும். ஒரு நாள் பார்த்தால் நடுவிலிருந்து ஒரு தண்டு விறுவிறுவென்று உயரும், அதில் வரும் இலை அகலம் போய் சோம்பு இலை போல மயிரிழையாக இருக்கும். அதைப் பார்த்துவிட்டால் முடிவு செய்தாயிற்று, செடி பூக்கப் போகிறது. நுனியைக் கிள்ளினால் நின்றுவிடும் என்பார்கள். நான்கைந்து நாள் தள்ளிப் போகும், பக்கத்திலிருந்து இன்னொரு குச்சி வரும்.

மல்லி ஒரு பருவத்தில் முளைத்துப் பூத்துக் காய்த்து முடிந்துபோகும் செடி. புதினா மாதிரி ஊன்றிவிட்டால் வருடக்கணக்கில் வராது. நாம் செய்யக்கூடியதெல்லாம் அந்தப் பூப்பைத் தள்ளிப் போடுவதுதான். அதை அவசரப்படுத்துவதில் முதல் குற்றவாளி சூடு. மேல்நாட்டுப் புத்தகங்களில் பகல் நீளுவதும் காரணம் என்று எழுதியிருக்கும். சென்னையில் மார்கழிக்கும் ஆனிக்கும் பகல் நீளத்தில் சுமார் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம், அதனால் நமக்குச் சூடுதான் பெரிய கணக்கு. சிமெண்ட் தரையில் நேரடியாக வைத்த கறுப்புப் பையில் வேர் கொதிக்கும். செங்கல் மேல் தூக்கி வையுங்கள், வெளுத்த நிறத் தொட்டியாகப் பாருங்கள், மதிய வெயிலுக்கு 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். மண் ஒருமுறை முழுக்கக் காய்ந்து வாடி எழுந்தாலும் செடி பயந்துபோய்ப் பூக்கும்.

இரண்டாவது காரணம் இடம் மாற்றி நடுவது. மல்லிக்கு ஆணிவேர். தக்காளி, கத்தரி போல நாற்று விட்டுப் பிடுங்கி நட்டால் அது அறுந்து, செடி வளர்ச்சியை விட்டுவிட்டுப் பூவைத் தேடும். எந்தத் தொட்டியில் வளரப் போகிறதோ அதிலேயே விதையுங்கள். எட்டு அங்குல ஆழம் இருக்கட்டும். கடையில் வேரோடு வாங்கிய கட்டை நட்டு வைத்தால் தழைக்குமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்: அது ஏற்கெனவே நாற்பது நாள் வாழ்ந்த செடி, வேரும் அறுந்தது. நாலு இலை விடும், பூத்துவிடும்.

மூன்றாவது, ரகம். தனியாவுக்காக வளர்க்கும் ரகங்கள் சீக்கிரம் பூத்துக் காய்க்க வேண்டும் என்றே தேர்ந்தெடுக்கப்பட்டவை. பலசரக்குக் கடை விதை பெரும்பாலும் இந்தக் கூட்டம். கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட கோ வரிசையில் தழைக்கும் விதைக்கும் இரண்டுக்கும் உதவுகிற ரகங்கள் உண்டு. தழை மட்டும் வேண்டுமென்றால், தாமதமாகப் பூக்கும் தழை ரகம் என்று கேட்டு வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் பட்டம். ஆடிப் பட்டம் தேடி விதை என்பது மற்றதற்கெல்லாம் சரி. சமவெளியில், மாடியில், மல்லித் தழைக்குப் புரட்டாசியிலிருந்து தை வரைதான் சுகம். எங்கள் ஊர்க் கரிசல்காரர்கள் ஐப்பசியில் விதைப்பது மழைக்காக மட்டும் இல்லை. சித்திரைக் கத்தரி வெயிலில் ஊட்டி, கொடைக்கானல்காரர்கள் விதைக்கட்டும். நீங்கள் விதைத்தே தீருவேன் என்றால், நெருக்கமாகத் தூவி, நிழலில் வைத்து, 25 நாளில் வேரோடு பிடுங்கிவிடும் இளந்தழையாக நினைத்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

பூத்தாயிற்று, இனி என்ன? இலை கொஞ்சம் கசக்கும், தண்டு ரசத்துக்கும் துவையலுக்கும் போகும். ஆனால் எல்லாவற்றையும் பிடுங்காதீர்கள். இரண்டு மூன்று செடியை விட்டுவைத்தால் வெள்ளைப் பூக்கொத்துக்குத் தேனீ வரும், பக்கத்தில் இருக்கும் கத்தரிக்கும் மிளகாய்க்கும் அது லாபம். பச்சைக் காயைக் கிள்ளி வாயில் போட்டுப் பாருங்கள். இலையின் வாசனையும் தனியாவின் வாசனையும் ஒன்றாக இருக்கும். ரசத்தில் கடைசியில் நாலு தட்டிப் போட்டால் அதன் பிறகு பூக்குச்சியைத் திட்ட மாட்டீர்கள்.

அறிகுறி 5: இலை சுருள்கிறது, அல்லது வெளுத்து மாவு பூத்தது போல இருக்கிறது

சுருண்ட இலையைத் திருப்பினால் பச்சையாகப் பிசுபிசுப்பாகக் கூட்டம் இருக்கும். அசுவினி. முதல் நாளே பார்த்தால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தாலே பாதி போய்விடும். மூன்று நாள் விடாமல் செய்யுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி, கொஞ்சம் சோப்புக் கரைசலோடு தெளிக்கலாம், வேலை செய்யும். ஆனால் அடுத்த பத்து நாளுக்குத் துவையலில் வேப்பெண்ணெய் மணக்கும். தின்கிற இலை என்பதால் நான் கடைசியில்தான் அதைத் தொடுகிறேன். செடியில் பொறிவண்டு தெரிந்தால் எதையும் தெளிக்காதீர்கள். அது உங்களைவிட நன்றாகச் செய்யும்.

மாவு பூத்தது சாம்பல் நோய். மார்கழி, தைப் பனிக் காலத்தில் நெருக்கமான தொட்டியில் வரும். பத்தில் ஒரு பங்கு புளித்த மோர் கலந்த தண்ணீரை முதல் புள்ளியிலேயே தெளித்தால் பரவுவது குறைகிறது. பாதிச் செடி வெளுத்த பிறகு தெளித்துப் பயனில்லை, நல்ல தழையை அறுத்துக்கொண்டு தொட்டியைக் காலி செய்யுங்கள்.

அறிகுறி 6: பச்சைப் பசேல் என்று இருக்கிறது, வாசனை இல்லை

சாணம், உரம், மீன் கரைசல் என்று ஊட்டி வளர்த்த மல்லி பார்க்க அழகாக, தண்ணீராக இருக்கும். நிழல் அதிகமானாலும் இதே கதை. உரத்தை நிறுத்தி, காலை வெயிலில் வைத்து, அறுப்பதற்கு முந்தின நாள் தண்ணீரைக் குறையுங்கள். அறுப்பதை வெயில் ஏறும் முன் முடியுங்கள். கொதிக்கும் சாம்பாரில் முதலிலேயே போட்டுவிட்டு வாசனை இல்லை என்றால் அது தோட்டத்தின் பிழை இல்லை.

அறிகுறி 7: ஒருமுறை அறுத்த பின் தழைக்கவில்லை

அடியோடு அறுத்துவிட்டீர்கள். மல்லி நடுக்குருத்திலிருந்துதான் புது இலை விடும். வெளி வட்ட இலைகளைக் காம்போடு கிள்ளி, நடுவில் இருக்கும் பிஞ்சை விட்டுவைத்தால் இரண்டு வாரத்தில் இன்னொரு கிள்ளு கிடைக்கும். மூன்றாவது முறைக்கு மெலிந்த தழைதான் வரும், அதோடு பூக்குச்சியும். ஒரு தொட்டியிடம் இரண்டு அறுப்புக்கு மேல் நான் கேட்பதில்லை. அதற்குப் பதிலாக, 12 அங்குலப் பை ஒன்றுக்கு 30, 40 அரை விதை என்ற கணக்கில், பதினைந்து நாளுக்கு ஒரு பை விதைத்துக்கொண்டே போகிறேன். ஒன்று முடியும்போது ஒன்று எழுந்து நிற்கும்.

விதைக்கு விடுவதாக இருந்தால் ஒரு விஷயம். அவசரப்பட்டு முதலில் பூத்த செடியின் விதையை எடுத்து வைத்தால், அடுத்த வருடம் அந்த அவசரமும் சேர்ந்து முளைக்கும். எல்லாவற்றுக்கும் கடைசியில் பூத்த செடி எதுவோ அதற்கு ஒரு நூலைக் கட்டி அடையாளம் வையுங்கள். காய் பாதி பழுப்பானதும் கொத்தோடு அறுத்து, காகிதப் பையில் தலைகீழாக நிழலில் தொங்கவிட்டு, உதிர்ந்ததை மூடி இறுகிய டப்பாவில் போட்டு, மேலே மாதத்தை எழுதிவிடுங்கள். புரட்டாசியில் எடுத்து, அதிலும் 20 விதையை முதலில் ஈரத்துணியில் சுற்றுங்கள்.